நான்கு விரற்கடை

ஆகஸ்ட் மாதம். மிசிசிப்பியில் நீர் வற்றி
நீராவிப் படகுகள் சேற்றில் வயிறு தேய்த்த வருடம்.
செயின்ட் லூயிஸில், ஆற்றங்கரைத் தெருவில்,
முதலாளி காய்ச்சலில் கிடக்க
பட்டறையில் நான் தனியாக இருந்தேன்.

அவள் வந்து மேசைமேல் அதைக் கிடத்தினாள்.

பார்த்ததும் தெரிந்தது, எங்கள் பட்டறைப் பிள்ளை.
எட்டுப்பட்டைக் குழல், மேப்பிள் கட்டை,
பன்னிரண்டு ராத்தல்.
ஒன்பது வருடம் முன்பு அந்தக் குழலுக்குள்
ஏழு புரிகளை இழைத்தவன் நான்.
வாங்க வந்த பசீல் கரோன்
"சுமக்க ஒரு கழுதையும் சேர்த்துக் கொடு" என்றான்.
கனமிருந்தால்தான் சுடும்போது துள்ளாது,
பத்து வெடிக்குப் பிறகும் சூட்டில் கோணாது என்று
எல்லாரிடமும் ஒப்பிப்பதை அவனிடமும் ஒப்பித்தேன்.
ஓயாமல் பேசுகிற ஆள். காசை எண்ணும்போதும் பேசினான்.
இரண்டு டாலர் அதிகம் வைத்துவிட்டுப் போனான்.

இப்போது கட்டையில் பல் பதிந்த குழிகள், நான்கு.
என் சுண்டுவிரல் நுனி ஒவ்வொன்றிலும் நுழைந்தது.
"கரடி" என்றாள், பிரெஞ்சில்.
மேற்கே, கிரீன் ஆற்றங்கரையில்.
பிறகு சுவரில் தொங்கிய அரங்களைப் பார்த்தாள்.

பேரேட்டில் பெலாஜி என்று எழுதினேன்.
அது பாதிரியார் வைத்த பெயர்.
தன் ஷோஷோனிப் பெயரை இருமுறை சொன்னாள்,
என் ஜெர்மன் நாக்கு இருமுறையும் தடுக்கி விழுந்தது.
மூன்றாம் முறை அவள் சொல்லவில்லை.

வேலை இதுதான்: குழலில் நான்கு விரற்கடை குறைக்க வேண்டும்.
குதிரைமேல் அவள் கைக்கு அது நீளம்.
கூலிக்கு ஒரு எருமைத்தோல், முடி அடர்ந்தது.

அறுக்குமுன் திணிகோலை உள்ளே விட்டேன்.
முழுசாக இறங்கவில்லை.
ஆயிரம் மைலுக்கு மேல் அப்படியே கொண்டுவந்திருக்கிறாள்,
உள்ளே குண்டோடு.
முளையின் மேல் கேப்பு வெடித்து, நசுங்கி, ஒட்டியிருந்தது.
விசை இழுபட்டிருக்கிறது. பொறி இறங்கியிருக்கிறது.
அப்புறம்?

திருகுமுள்ளை ஈயத்தில் ஏற்றி இழுத்தேன்.
கடைவாய்ப் பல்போல முனகி வந்தது.
குண்டைச் சுற்றி நீலக் கோடு போட்ட துணி,
அவள் சட்டைக் கையிலும் அதே நீலக் கோடு.
குழலைக் காகிதத்தின்மேல் கவிழ்த்தேன்.
தட்டினேன். இன்னொரு தரம் தட்டினேன்.
காகிதம் வெள்ளையாகவே கிடந்தது.

மருந்து போடாமல் குண்டைத் திணிப்பது
யாருக்கும் நேரும். எனக்கே நேர்ந்திருக்கிறது,
பந்தய மைதானத்தில். நாலு பேர் சிரித்தார்கள்,
ஆளுக்கொரு பீர் வாங்கிக் கொடுத்தேன்.
என் எதிரே நின்றது பைன் பலகை.

"மருந்து நனைந்திருந்ததா?" என்றாள்,
அரங்களைப் பார்த்தபடியே.
"நனைந்திருந்தது."
அப்போதுதான் திரும்பினாள்.
காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"நனைந்த மருந்தும் கறுப்புதான்."

அன்று காலை அதைக் கெட்டித்தது யாரென்று நான் கேட்கவில்லை.
துணியை மட்டும் எடுத்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மெத்தென்ற இரும்புதான், ஆனாலும் அவ்வளவு தடிமன்.
வெயில் சாயும்வரை அறுத்தேன்.
வாயைச் சீவி, முன்குறியைப் பின்தள்ளிப் பதித்து,
திணிகோலையும் அதே அளவு குறைத்தேன்.
அவள் ஒருமுறைகூட உட்காரவில்லை.

பின்கட்டில் நின்று சுட்டுப் பார்த்தாள்.
கொம்பளவையால் மருந்து ஊற்றும்போது வாய்விட்டு ஒரு சொல்,
துணிக்கு ஒரு சொல், குண்டுக்கு ஒரு சொல்.
அந்த மொழி எனக்குத் தெரியாது.
முதல் சொல்லை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

வேலிக்கம்பத்தின் கணு பிய்த்துக்கொண்டு போனது.
அவள் தோள் அசையவில்லை.
மீதிக் கனம் அவளுக்குப் போதும்.

எருமைத்தோலை வாங்கிக்கொண்டு
இரண்டு டாலர் திருப்பிக் கொடுத்தேன்.
பழைய பாக்கி என்றேன். எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.

அறுத்த துண்டு என் மேசையில் இருக்கிறது,
ஆற்றுக்காற்றில் ரசீதுகள் பறக்காதபடி.
குணமாகி வந்த முதலாளி அதைக் கண்ணருகே வைத்து
ஏழு புரிகளையும் எண்ணினார்.
"யாருடையது?"

மிச்சம் என்றேன்.